மை கடன், காம்பஸ் இரவல்

ஆறாம் வகுப்புக்குப் போனதும் பென்சில் போய்ப் பேனா வந்தது. பேனா என்றால் அப்போது மைப்பேனாதான். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் கையெழுத்து கெட்டுப்போகும் என்று வாத்தியார்கள் விடமாட்டார்கள். காலையில் வீட்டிலேயே பிரில் மை ஊற்றிக்கொண்டு கிளம்புவோம். மூன்றாவது பீரியடு முடிவதற்குள் எவனுக்காவது மை தீர்ந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவன் தன் பேனாவின் கழுத்தைத் திருகிக் கழற்றி, அடிக்கட்டையைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவான். விடுகிறவனும் எண்ணுவான், வாங்குகிறவனும் எண்ணுவான். இன்றைக்குப் பத்துச் சொட்டு வாங்கினால் நாளைக்குப் பத்துச் சொட்டு. ‘நான் குடுத்தது பெரிய சொட்டுடா, நீ குடுக்கிறது எறும்புக் கண்ணு மாதிரி இருக்கு’ என்று சண்டை வரும். இதற்கு எங்கள் வகுப்பில் ‘மை கடன்’ என்று பெயர்.

ஜாமெட்ரி பாக்ஸ் சங்கதி வேறு. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சின்ன ஊர், தமிழ் மீடியம் பள்ளிக்கூடம். முழுப் பெட்டி வைத்திருந்த பையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணக்குப் பீரியடில் காம்பஸும் பாகைமானியும் பெஞ்சு பெஞ்சாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அதை யாரும் கடன் என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘காம்பஸ் இரவல் குடுடா’ என்பதுதான் பேச்சு. எந்தக் காம்பஸ் போனதோ அதே காம்பஸ் திரும்பி வரவேண்டும். முள் மழுங்கியிருந்தாலோ திருகாணி ஆடினாலோ விசாரணை நடக்கும். மை கடன், காம்பஸ் இரவல். யார் வகுத்த விதி என்று தெரியாது. ஒருவன்கூட ‘மை இரவல்’ என்று வாய் தவறிச் சொன்னது கிடையாது.

இந்த வகுப்புக்குத்தான் ஒருநாள் இங்கிலீஷ் சார் இரண்டு சொற்களைக் கொண்டுவந்தார். ஒன்று லெண்ட், இன்னொன்று பாரோ. பாடப்புத்தகத்தின் பின்பக்கச் சொற்பட்டியலில் ஒன்றுக்குக் ‘கடன் கொடு’ என்றும் மற்றதற்குக் ‘கடன் வாங்கு’ என்றும் அர்த்தம் போட்டிருந்தது. மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் வாக்கியம் எழுதச் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் ‘கேன் ஐ லெண்ட் யுவர் பென்’ என்றும், மீதிப் பேர் ‘ப்ளீஸ் பாரோ மீ யுவர் பென்’ என்றும் எழுதி வைத்திருந்தார்கள். தமிழில் கடன் என்பது நடுவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கொடு, வாங்கு என்று வால் மட்டும் மாறுகிறது. இங்கிலீஷிலோ வாலும் தலையும் சேர்ந்தே மாறிவிடுகிறது. பையன்கள் தடுமாறியதில் ஆச்சரியம் இல்லை.

சார் நோட்டுகளை மூடிவைக்கச் சொன்னார். முதல் பெஞ்சிலிருந்து ஒருவனையும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவனையும் கூப்பிட்டு எதிரெதிரே நிற்கவைத்தார். தன் சட்டைப்பையிலிருந்த ஹீரோ பேனாவை முதல் பெஞ்சுக்காரன் கையில் கொடுத்து, ‘அவன்கிட்ட குடு’ என்றார். கொடுத்தான். ‘இப்ப என்னடா நடந்துச்சு? குடுத்தவன் சொல்லு.’ அவன் விழித்தான். சாரே வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தார்: ‘ஐ லெண்ட் மை பென் டு யூ.’ பிறகு கடைசி பெஞ்சுக்காரனிடம் திரும்பினார்: ‘அதே சங்கதிய நீ எப்படிச் சொல்லுவ? ஐ பாரோ எ பென் ஃப்ரம் யூ.’ பேனா ஒன்று, நடந்ததும் ஒன்று, வாக்கியம் இரண்டு. பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுக்கவைத்து, ஆளை மாற்றி, இடத்தை மாற்றி, வகுப்பு முழுக்க இதே நாடகம். பீரியடு முடிவதற்குள் கொடுக்கிறவன் வாயில் லெண்டும் டுவும் சேர்ந்தே வந்தன. வாங்குகிறவன் வாயில் பாரோவும் ஃப்ரமும் சேர்ந்தே வந்தன.

கரும்பலகையில் அவர் எழுதிப்போட்டது இவ்வளவுதான். பொருள் பேசுகிறவன் கையை விட்டுப் போனால் லெண்ட். அவன் கைக்கு வந்தால் பாரோ. லெண்ட் இறந்தகாலத்தில் கடைசி எழுத்து வலித்து லெண்ட்டு என்று நிற்கும். பாரோ சாதுவாகப் பாரோட் ஆகும். பேனா கேட்கும்போது கேட்கிறவன் இரண்டு வாசலிலும் நுழையலாம். தன்னை முன்னால் வைத்தால் ‘மே ஐ பாரோ யுவர் பென்’. எதிரில் இருக்கிறவனை முன்னால் வைத்தால் ‘வில் யூ லெண்ட் மீ யுவர் பென்’. முதலாவதில் அனுமதி கேட்கிறோம், இரண்டாவதில் உதவி கேட்கிறோம்.

அப்போதுதான் நடு பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். மை கடனில் அதிகமாகச் சிக்கியிருந்தவன் அவன்தான். ‘சார், பேனா குடுத்தா அதே பேனா திரும்பி வரும். மை குடுத்தா அதே மை வராதே. அதுக்கும் லெண்ட்தானா?’ சார் ஒரு நிமிஷம் யோசித்தார். ‘அதுக்கும் லெண்ட்தான்டா. வெள்ளைக்காரன் அதெல்லாம் பாக்கமாட்டான். யார் குடுத்தா, யார் வாங்கினா, அதுதான் அவனுக்கு முக்கியம்’ என்றார்.

அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்தால், வீட்டில் நடப்பது முழுக்க வேறு மாதிரித் தெரிந்தது. எங்கள் அப்பாயிக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் எது கடன், எது இரவல், எது கைமாத்து என்பதில் அவரிடம் குழப்பமே கிடையாது. விருந்தாளி வந்து காப்பித்தூள் போதவில்லை என்றால் என் கையில் டம்ளரைக் கொடுத்து எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் அனுப்புவார். ‘ஒரு டம்ளர் கடனா வாங்கிட்டு வா. தலைதட்டி வாங்கு’ என்பார். திருப்பிக் கொடுக்கும்போது தலைதட்டமாட்டார், கொஞ்சம் கோபுரமாகவே வைத்து அனுப்புவார். வாங்குவது அளந்து, கொடுப்பது நிறைத்து. இதுதான் அவர் கணக்கு.

உரலோ முறமோ என்றால் இரவல். கல்யாணத்துக்குக் காசுமாலை என்றாலும் இரவல்தான். எங்கள் வீட்டு அண்டா, தேக்சா, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் விளிம்பில் தாத்தாவின் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் வாங்கும்போதே பெயர் வெட்டும் ஆள் சிற்றுளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருப்பார். அலங்காரத்துக்காக யாரும் பெயர் வெட்டியதில்லை. பத்து வீட்டு அண்டா ஒரே கல்யாணக் கொட்டகையில் சேரும். அதே அண்டா அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். காப்பித்தூளில் யாரும் பெயர் வெட்டமுடியாது. வேண்டியதும் இல்லை.

கைமாத்து என்பது பணம் மட்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ‘வெள்ளிக்கிழமை தர்றேன்’ என்ற வாய்ச்சொல் மட்டும் உண்டு. வட்டி என்று வந்துவிட்டால் அது கைமாத்து ஆகாது. உறைமோர் இன்னொரு வகை. பாலுக்கு உறைகுத்த அரைக்கரண்டி மோர் வாங்கி வந்தால் அதை யாரும் கடன் கணக்கில் சேர்ப்பதில்லை, திருப்பிக் கேட்பதும் இல்லை. அந்த வீட்டில் மோர் இல்லாத நாளில் நம் வீட்டிலிருந்து போகும். விளக்கு வைத்த பிறகு கேட்டால் மட்டும் அப்பாயி கொடுக்கமாட்டார். ‘காலைல வா தாயி’ என்று அனுப்பிவிடுவார்.

சார் சொன்ன பிரிவையும் அப்பாயி வைத்திருந்த பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புத்தி அந்த வயதில் எனக்கு இல்லை. வெகுகாலம் கழித்துச் சட்டம் படித்த நண்பர் ஒருவரோடு பேசியபோதுதான் உறைத்தது. ரோமானியச் சட்டத்தில் வாங்கிய பொருளைச் செலவழித்துவிட்டு அதே அளவு, அதே தரத்தில் வேறொன்றைத் திருப்பித் தருவதற்கு மூட்டும் என்று பெயர். வாங்கிய பொருளையே பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருவதற்குக் கொம்மொடாட்டும் என்று பெயர். தானியம், எண்ணெய், பணம் முதல் வகை. குதிரை, பாத்திரம் இரண்டாம் வகை. நண்பர் விளக்கி முடித்தபோது எனக்கு மை சொட்டும் காம்பஸ் முள்ளும்தான் நினைவில் வந்தன. ரோமாபுரி வழக்கறிஞர்கள் பிரித்து வைத்ததை எங்கள் வகுப்புப் பையன்கள் ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே பிரித்து வைத்திருந்தார்கள். மொழி அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது.

மொழி எவ்வளவு காலமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா காட்டினார். திருக்குறளில் ஈகை அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. முதல் குறளிலேயே ‘குறியெதிர்ப்பை’ என்று ஒரு சொல். ஐயா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: ‘பக்கத்து வீட்ல உழக்கு அரிசி வாங்குறீங்க. என்ன திருப்பிக் குடுப்பீங்க?’ ‘உழக்கு அரிசி ஐயா.’ ‘அதுதாண்டா குறியெதிர்ப்பை.’ அளவு குறித்து வாங்கி, அதே அளவை எதிர்கொடுப்பது. இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் கொடை, மற்றதெல்லாம் இந்த உழக்கு அரிசிக் கணக்கு மாதிரிதான் என்கிறார் வள்ளுவர் என்று ஐயா விளக்கினார். குமணனிடம் பரிசு பெற்றுவந்த பெருஞ்சித்திரனார், யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டிலும் இந்தச் சொல் வருகிறது என்றார். பசித்த நாளில் குறியெதிர்ப்பை தந்தவர்களைப் புலவர் அந்தப் பட்டியலில் மறக்காமல் சேர்த்திருக்கிறார். சொல் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் தினமும் டம்ளரில் நடந்துகொண்டிருந்தது அதுதான். இரவல் என்ற சொல் ‘இர’ என்ற வேரிலிருந்து வந்தது என்றும் அன்றைக்கே சொன்னார். கேட்டு வாங்குவதன் கூச்சம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கடன் என்பதில் கடமை இருக்கிறது. காலைக்கடன், நேர்த்திக்கடன் என்று பணத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலும் அது நிற்பது அதனால்தான்.

ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. பாரோ என்பதற்கு மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் பிணை என்று பொருள். பிணை வைத்து வாங்கியதால் அது பாரோ. லெண்டும் லோனும் ஒரே குடும்பம். லோன் என்ற வடிவம் வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழி வழியாக வந்தது. லெண்ட் என்பதன் கடைசியில் இருக்கும் ‘ட்’ ஆரம்பத்தில் கிடையாது. இறந்தகால வடிவத்தில் இருந்த ஒலி பின்னால் நிகழ்காலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் லோன் என்பதையே வினையாகவும் சகஜமாகப் பயன்படுத்துவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் லெண்டையே விரும்புவார்கள்.

எங்கள் சார் இந்தப் பூர்வீகம் எதையும் சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் இந்தச் சொற்கள் செல்லாது என்பதை ஊரை வைத்தே காட்டிக்கொடுத்தார். எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் ஃபோன் இருந்தது. தெருக்காரர்கள் எல்லோரும் அந்த எண்ணைத்தான் கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பில்லிலும் போட்டு, பக்கத்தில் ‘பி.பி.’ என்று குறிப்பார்கள். ‘அந்த வீட்டுக்குப் போய் ஃபோனை எப்படிடா கேப்ப?’ என்றார் சார். ‘மே ஐ பாரோ யுவர் ஃபோன்’ என்றான் ஒருவன். ‘வயர அறுத்துக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போகப் போறியா? யூஸ்னு கேளு. தூக்கிட்டுப் போற பொருளுக்குத்தான் பாரோ’ என்றார். இன்றைக்குக் கைபேசி வந்தபின் அதே ஃபோனைப் பாரோ என்று கேட்பதில் தவறில்லை. சொல்லின் இலக்கணம் மாறவில்லை, ஃபோனுக்குத்தான் கால் முளைத்துவிட்டது.

வாடகை சைக்கிளும் பாரோவில் சேராது. மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து எடுத்தால் அது ஹையர் அல்லது ரெண்ட். பணம் மட்டும் விதிவிலக்கு. வட்டி கொடுத்து வாங்கினாலும் பாரோதான், வட்டிக்கு விட்டாலும் லெண்ட்தான். மளிகைக் கடைக் கடன் வேறு கதை. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று போர்டு மாட்டியிருந்த கடையிலேயே எங்களுக்குப் பற்று நோட்டு இருந்தது. கடனுக்கு வாங்கிவந்த துவரம்பருப்பை இங்கிலீஷில் பாரோ என்று சொன்னால் கடைக்காரருக்குப் பருப்பே திருப்பித் தரவேண்டியிருக்கும். தரவேண்டியது காசு என்பதால் அது பை ஆன் கிரெடிட். தமிழில் கடன் என்ற ஒரு சொல்லுக்குக் கீழே நிற்பவை அங்கே வேறு வேறு வரிசையில் போய் நிற்கின்றன.

சார் கையில் பேனாவைக் கொடுத்துக் காட்டியதை எனக்கு நிரந்தரமாகப் பதியவைத்தது நூலகங்கள்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தனியாக நடத்திய கடைக்கு ‘லெண்டிங் லைப்ரரி’ என்று பலகை. முன்பணம் கட்டிவிட்டு, புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கைப் படிப்புக் கட்டணமாகக் கொடுத்துவிட்டு எடுத்து வரலாம். காசு வாங்குகிறாரே, இது ஹையர்தானே என்று சாரிடம் கேட்டேன். ‘பலகை எழுதினது அவரு. அவரு பக்கத்துலேருந்து பாத்தா அவரு குடுக்கிறாரு. காசு வாங்கினாலும் லெண்டிங் லைப்ரரின்னுதான் பேரு. நீ எழுதினா பாரோயிங்னு எழுதுவ’ என்று சிரித்தார்.

அரசுக் கிளை நூலகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை போதும். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிய தாளில் நூலகர் தேதி முத்திரையைக் குத்துவார். அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தாலே புத்தகம் எத்தனை கை மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் எங்கள் பக்கத்துச் சீர்காழிக்காரர் என்பதில் நூலகருக்குப் பெருமை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் போனதையும், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது என்பதையும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் லெண்ட், இந்தப் பக்கம் பாரோ. அந்த மேசையைப் பார்த்த பிறகு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

கணக்கு வகுப்பில் மட்டும் ஒரு மர்மம் தீராமலே இருந்தது. நாற்பத்திரண்டில் பதினேழைக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு என்பார்கள். இங்கிலீஷிலும் அது பாரோதான். பத்தாம் இடத்து நான்கு, மூன்றாகிவிடும். வாங்கிய பத்தை யாரும் திருப்பிக் கொடுத்ததே இல்லை. அப்பாயியிடம் சொன்னேன். ‘அப்ப அது கடன் இல்லடா, பறிச்சது’ என்று தீர்ப்புச் சொன்னார். மொழிகள் ஒன்றிடம் ஒன்று வாங்கும் சொற்களும் இந்த வகைதான். கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் ஆங்கிலம் தமிழிடம் வாங்கிக்கொண்டது. நாம் ஃபோனையும் பெஞ்சையும் வாங்கிக்கொண்டோம். இதற்குப் பாரோ என்றுதான் பெயர். திருப்பித் தருவது இரு பக்கமும் கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா மகன் ‘கேன் யூ பாரோ மீ’ என்று சரளமாகப் பேசியபோது, இவ்வளவு இங்கிலீஷ் பேசுகிறவனுக்கு இதுவா தெரியாது என்று எனக்குத் தோன்றியது. அவன் தெருவில் கேட்டு வளர்ந்த இங்கிலீஷ் அது. சீன மொழியில் ஜியே என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கும். மலாயில் பிஞ்சாம் என்ற அடிச்சொல்லே இரண்டு பக்கமும் போகும். ஆங்கிலத்துக்கு உறவுக்கார மொழியான ஜெர்மனிலும் லைஹன் என்ற ஒரே வினை இரு பக்கமும் ஓடுகிறது. இங்கிலாந்திலேயே சில வட்டாரப் பேச்சில் இந்த இரண்டும் இடம் மாறிக்கொள்வதுண்டு. ஆகவே இதில் தடுமாறுகிற பிள்ளையை மக்கு என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

ஆங்கிலம் ஆளைப் பார்க்கிறது. கொடுத்தவன் பேசுகிறானா, வாங்கியவன் பேசுகிறானா என்பதே அதன் முதல் கேள்வி. தமிழ் பொருளைப் பார்க்கிறது. போனதே திரும்பி வருமா, அதற்கு ஈடாக வேறு வருமா, வட்டியோடு வருமா, வராமலே போகுமா என்பதே இதன் கேள்வி. இரண்டும் தெளிவான பார்வைதான். ஒன்றின் கண்ணால் மற்றதைப் பார்க்கும்போதுதான் தடுக்குகிறது. அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடன் கொடு, கடன் வாங்கு என்று அர்த்தம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் கையில் பேனாவைக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நடந்ததை ஆளுக்கொரு வாக்கியமாகச் சொல்லவையுங்கள். ஒரு பீரியடில் வந்துவிடும், பிறகு ஆயுசுக்கும் மறக்காது.